பனியாற்றுக்கு முன்னால் ஆறிப்போன சோறு

மாஸ்டர் உலகம் சுற்றியவர். முத்திரை குத்த இடமில்லாமல் ஒரு பாஸ்போர்ட் நிரம்பி, இரண்டாவதும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஆனாலும் எந்த நாட்டில் எதைப் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் மனிதர் திருதிருவென்று விழிப்பார். அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகுமா, ஓட்டல் சமையலறையில் இருப்பது மின்சார அடுப்பா எரிவாயு அடுப்பா, சரக்கு இறக்கும் பின்வாசல் எந்தச் சந்தில் திறக்கும் என்றெல்லாம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். கோட்டை, ஏரி, அருவி என்று ஆரம்பித்தால் அவருக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

வெளிநாடுகளுக்குக் கூட்டமாக ஆட்களை அழைத்துப் போகும் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் அவர் சமையல்காரர். வாய்க்குப் பழகிய சாப்பாடு கிடைக்காவிட்டால் பாதிப் பேர் மூன்றாம் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், கூடவே சமையல்காரரையும் அனுப்புவது அந்த நிறுவனத்தின் வழக்கம். பயணிகள் பெரிய பெரிய கண்ணாடி வைத்த பஸ்ஸில் ஊர் பார்த்துக்கொண்டே வருவார்கள். மாஸ்டர் அரிசி மூட்டைக்கும் பாத்திரங்களுக்கும் நடுவில், பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு வேனில், அவர்களுக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருப்பார். அடுத்த ஓட்டலின் சமையலறையில் அவருக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். பஸ் வந்து நிற்கும்போது சோற்றில் ஆவி பறக்க வேண்டும். அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

அவர் மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். அளவு எடுக்க வீடு வீடாகப் போவதும், தைத்ததைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவதும் அவள் பொறுப்பு. கறாரான கை. ஒரு மடிப்பு கூடக் குறைய இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். கல்யாணமான புதிதில் அவர் ஒவ்வொரு பயணம் முடிந்து வரும்போதும், "அங்க என்னங்க பாத்தீங்க?" என்று ஆசையாகக் கேட்டவள், "குளிர் ஜாஸ்தி" என்பதைத் தாண்டி ஒரு பதிலும் வராததால், நாளடைவில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அந்த வருடம் நிறுவனம், நீண்ட நாளாக வேலை பார்ப்பவர்களின் வீட்டில் ஒருவருக்கு இலவசமாக ஓர் இருக்கை தருவதாக அறிவித்தது. மாஸ்டர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"நீங்க அடுப்படியில கிடந்து வேகணும், நான் ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பாக்கணுமா? நல்லா இருக்கு நியாயம்."

மாஸ்டர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நீ கேட்டப்பெல்லாம் நான் ஒண்ணும் சொன்னதில்ல. பாத்திருந்தாத்தானே சொல்றதுக்கு? நீ போய்ப் பாரு. சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லு."

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் லீவுக்கு வந்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவதிலிருந்து கம்பளிச் சட்டை வாங்குவது வரை எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவள் அவருடைய மனைவி என்பது கூட்டத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் உப்பு, காரம், எண்ணெய் என்று எல்லாப் புகாரும் அவள் தலையில்தான் விழும், ஊர் பார்க்க விடமாட்டார்கள் என்பது அவர் அனுபவம். சுற்றுலா மேனேஜருக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாள் சுறுசுறுப்பானவர், தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும், வாயைத் திறந்து ஒரு ரகசியத்தையும் சொல்லமாட்டார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பயணிகள் எல்லோரையும் ஒரு ஹாலில் கூட்டி வைத்து, போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் மேனேஜர் எடுத்துச் சொன்னார். மாஸ்டர் வழக்கம்போலப் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி நடுவரிசையில், யாரோ போல உட்கார்ந்திருந்தாள்.

குரூப் என்றால் குரூப்தான் என்று ஆரம்பித்தார் மேனேஜர். ஒருவர் தாமதித்தால் எல்லோருக்கும் ஒரு இடம் போய்விடும். பஸ்ஸில் முன் சீட்டை யாரும் பட்டா போட்டுக்கொள்ளக் கூடாது, தினமும் மாறி மாறித்தான் உட்கார வேண்டும். தனியாக வருகிறவர்களுக்கு அறையில் முன்பின் தெரியாத ஒருவர்தான் துணை, குறட்டையும் அதோடு சேர்த்திதான். மாத்திரை மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தூக்க முடியாத பெட்டியைக் கொண்டுவரக் கூடாது, தூக்கிவிட ஆள் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, பயணத்துக்கென்று புதுச் செருப்பு, புது ஷூ வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் இன்றே போட்டு நடக்க ஆரம்பியுங்கள் என்றார். மாஸ்டரின் மனைவி கால்களைச் சட்டென்று நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அவள் வாங்கிய புது ஷூ வீட்டில் பெட்டியைவிட்டுக்கூட இறங்கவில்லை.

கேள்வி நேரம் வந்தது. காலையில் காப்பி உண்டா, வைஃபை உண்டா, சாமான் வாங்க நேரம் விடுவீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில் அவள் எழுந்தாள். பின்னால் மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ டம்ளருக்கு வெளியே விழுந்தது.

"நமக்குச் சமைக்கிறவரும் நம்ம கூட பஸ்ல வருவாரா?"

இல்லை, அவர் முன்னாலேயே வேனில் போய்விடுவார் என்றார் மேனேஜர்.

"அப்ப அவர் ஒண்ணும் பாக்கமாட்டாரா?"

எத்தனையோ கூட்டங்களை நடத்தியவர், எந்தக் கேள்விக்கும் பதிலை நாக்கு நுனியில் வைத்திருப்பவர், கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, வேலை அப்படிம்மா என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் டீ வடிகட்டியைக் கழுவுவதில் மும்முரமானார்.

பயணம் ஆரம்பித்தது. அவளுக்கு அறைத்துணையாக வந்தவர் ஓய்வு பெற்ற ஆடிட்டர் அம்மாள். அதிகம் பேசாதவர், ஆனால் கண்ணில் ஒன்று தப்பாது. முதல் ஓட்டலில் நுழைந்ததும் மாஸ்டரின் மனைவி நேரே ஜன்னலுக்குப் போனாள். ஏரியைப் பார்க்கப் போகிறாள் என்று ஆடிட்டர் அம்மாள் நினைத்தார். அவளோ திரைச்சீலையின் அடிப்பட்டியைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். நல்ல வேலை என்று தலையை ஆட்டிவிட்டு, பிறகுதான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். மலைகள் தலைகீழாகத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. எத்தனையோ வீட்டு ஜன்னல்களுக்கு அளவெடுத்தவள் அவள். எதிர்வீட்டுச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் தெரியும் ஜன்னல்கள்தான் எல்லாம். ஒரு ஜன்னலுக்குள் இவ்வளவு அடங்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை சாப்பாட்டு வேளையில் மாஸ்டர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார். அவள் மேசைக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா மேடம்?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பரிமாறியே பழகியவள் அவள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, போதும் என்று கையால் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்தவர், வாய்வைத்த எல்லாவற்றிலும் உப்பு கம்மி என்று சொல்லும் ஒரு பெரியவர். மாஸ்டர் அவருக்கு மனசுக்குள் உப்பு சார் என்று பெயர் வைத்திருந்தார். அன்றும் அவர் உப்பைப் பற்றி ஆரம்பித்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உப்பு சரியாத்தான் சார் இருக்கு."

அவள் சொன்ன விதத்தில் உப்பு சார் அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை.

இரண்டாம் நாளே புது ஷூ தன் வேலையைக் காட்டிவிட்டது. கூழாங்கல் பாவிய தெருக்களில் நாளெல்லாம் நடந்து, குதிகாலில் கொப்புளம். சாப்பாடு முடிந்து எல்லோரும் அறைக்குப் போனபின், அவள் நொண்டிக்கொண்டே சமையலறைப் பின்வாசலுக்கு வந்தாள். மாஸ்டர் ஒரு அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பைப் போட்டு, காலியான எண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். அவள் காலை உள்ளே விட்டாள். அவர் மறுநாளைக்கான வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தார்.

"சொல்லு. என்ன பாத்தே?"

அவள் சொன்னாள். மரத்தால் கட்டி மேலே கூரையும் போட்ட ஒரு பாலம், அதற்குள் நடக்கும்போது காலடியில் ஆறு ஓடும் சத்தம். ஒரு பெரிய கடிகாரம், மணி அடிக்கும்போது அதற்குள்ளிருந்து பொம்மைகள் வரிசையாக வந்து சுற்றிவிட்டுப் போகின்றன. அந்தப் பொம்மைகளில் ஒன்று சமையல்காரன், கையில் கரண்டி. மாஸ்டர் வெங்காயத்தை நிறுத்திவிட்டு, நிஜமாவா என்றார். நிஜமாத்தான், உங்களை மாதிரியே தொப்பையும் இருக்கு என்றாள்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு மாலையும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஊர்கள் மாறின, சமையலறைகள் மாறின, அவள் சொல்லச் சொல்ல அவர் உரித்தார், நறுக்கினார், ஊறப்போட்டார். தையல்காரிக்கு உரிய கறாரோடு அவள் சொல்வாள். ஏரி எத்தனை அகலம், எந்த இடத்தில் நிறம் மாறுகிறது, கரைக் கல் எப்படி அடுக்கியிருக்கிறது, எதையும் விடமாட்டாள். அவரும் குறுக்குக் கேள்வி கேட்பார். தான் வந்துபோன ஊர்களை அவர் அப்படித்தான், எத்தனையோ வருடம் கழித்து, முதல்முறையாகப் பார்த்தார். அதுவே போதும் என்றுதான் அவருக்கு இருந்தது.

பயணத்தின் கடைசிக் கட்டத்தில் மலையேற்றம். உச்சியில் ஒரு பனியாறு இருக்கிறது, உறைந்தபடியே மலையைவிட்டு இறங்கிவரும் ஆறு. கம்பிவடத்தில் தொங்கும் கூண்டுகளில் ஏறிப்போய் அதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கீழே அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மாஸ்டர் அடிவார விடுதியில் அடுப்பைப் பற்றவைத்தார். அடிவாரமே நல்ல உயரம், அங்கே சோறு வேக நேரமாகும் என்று அவருக்குத் தெரியும், முன்னதாகவே அரிசி களைந்து வைத்திருந்தார்.

சோறு வடித்து முடிக்கும்போது காற்று எழுந்தது. விடுதியின் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. வெளியே எட்டிப் பார்த்தார். வடத்தில் ஒரு கூண்டும் நகரவில்லை. போனில் மேனேஜரின் தொண்டை கட்டிய குரல் கேட்டது. காற்று அடங்கும் வரை கூண்டுகள் ஓடாது, சாயங்காலம் ஆகிவிடுமாம். மேலே நிலையத்துக்குள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள். ஆனால் அங்கே இருக்கும் சிற்றுண்டிக் கடை பழுதுபார்க்க மூடிக்கிடக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். உப்பு சாருக்கு இப்போதே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, யாரோ பையில் வைத்திருந்த மிட்டாயைக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும் என்று தெரியவில்லை.

மாஸ்டர் போனை வைத்துவிட்டுச் சூடு தாங்கும் பெட்டிகளில் சோற்றையும் பருப்பையும் காயையும் நிரப்பி, இழுத்து மூடினார். வேன் ஓட்டுநர், அந்த ஊர்க்காரர், விஷயத்தைப் புரிந்துகொண்டு அவரை விடுதிக்குப் பின்னால் அழைத்துப்போனார். மலையைக் குடைந்து ஒரு சின்ன ரயில் மேலே போகிறது. மேல் நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகவும் வேலையாட்கள் போய்வரவும் மட்டுமே ஆனது, பயணிகளை ஏற்றாது. அதை ஓட்டுகிறவள் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு வாட்டசாட்டமான பெண். ஓட்டுநர் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் முடியாது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். மாஸ்டருக்கு அவள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தார். ஆவி குப்பென்று எழுந்தது. மலை உச்சியைக் காட்டினார். பிறகு கையை நடுங்குவதுபோல ஆட்டிக் காட்டினார். அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், யாருக்கோ போன் செய்து பேசினாள். பின்பு சிமெண்ட் மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் பண்ணிக்கொடுத்தாள்.

பல் வைத்த தண்டவாளத்தில் ரயில் கடகடவென்று ஏறியது. இருட்டுக் குகை. ஈரப் பாறை கையெட்டும் தூரத்தில் நகர்ந்தது. அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஜன்னலில்லாத வண்டியில், மூட்டைகளுக்கு நடுவில் போவது அவருக்குப் பழகியதுதானே. காது அடைத்தது. ரயில் நின்ற இடத்தில் ஒரு சாமான் கிடங்கு. அந்தப் பெண் கைவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொடுத்து, எதிரே ஒரு இரும்புக் கதவைக் காட்டினாள். மாஸ்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்த் தோளால் கதவைத் திறந்தார்.

அது நிலையத்துக்குள் போகும் கதவுக்கு முன்னால் இருந்த ஒரு சின்ன முற்றம். மூன்று பக்கமும் பாறை மறைப்பு, காற்று தலைக்குமேல் ஊளையிட்டுக்கொண்டு போனது. நாலாவது பக்கத்தில் ஒரு கம்பித் தடுப்பு. அதற்கு அப்பால் பனியாறு.

அவர் வண்டியின் கைப்பிடியை விட்டார்.

ஆறு என்றால் ஓட வேண்டும். இது நின்றது. ஆனால் நின்றுகொண்டே வந்துகொண்டிருந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவில், அவருடைய ஊரின் எல்லாத் தெருக்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாலும் நிரம்பாத அகலத்தில், எங்கிருந்து தொடங்குகிறது என்றே தெரியாத வெள்ளை. வளைவில் திரும்பும் இடத்தில் அது பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் ஒரு நீலம். வானத்தில் இருப்பதல்ல, கடலில் இருப்பதல்ல. வெளியே இருக்கும் வெளிச்சம் பட்டு வந்ததுபோல இல்லை, உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல. பனியின் நடுவே சில எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தபின்தான் அவை ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டு நடக்கும் மனிதர்கள் என்று அவருக்கு உறைத்தது. அப்போது எங்கோ ஆழத்தில் ஏதோ முறிவதுபோல ஒரு சத்தம் கிளம்பி, மலைக்கு மலை மோதிக்கொண்டே போய் அடங்கியது. அவ்வளவு பெரிய ஒன்று மெல்ல அசைகிறது, அதன் சத்தம் அது.

தான் எதற்கு வந்தோம் என்பது மாஸ்டருக்கு மறந்துபோனது. கை விறைத்ததும் தெரியவில்லை.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால், கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிதான் முதலில் கண்டாள். வெளியே ஏப்ரன் கட்டிய ஒரு மனிதன், தொப்பியில்லாமல், கோட்டில்லாமல், சிலை மாதிரி. அவள் எழுந்து, நொண்டிக்கொண்டே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மேனேஜரும் பின்னாலேயே ஓடிவந்தார். மேனேஜர் பெட்டிகளைப் பார்த்தார், மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் தன் சால்வையை எடுத்து அவர் தலையில் சுற்றினாள்.

"இதை நீ எப்படி எனக்குச் சொல்லியிருப்பே?" என்றார் மாஸ்டர்.

அவள் யோசித்தாள். காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கமாட்டேங்க. குளிர் ஜாஸ்தின்னு சொல்லியிருப்பேன்."

அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, அது காற்றால் என்று சொல்ல முடியாது, அந்த இடத்தில் காற்று இல்லை. இரண்டு பேரும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் இத்தனை நாடுகள் போயும், அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் நின்று ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே போனபோது சாப்பாடு பரிமாறி முடிந்திருந்தது. தட்டு போதாமல் மூடிகளிலும் காகித டம்ளர்களிலும் வாங்கி, தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் குளிரில் நின்றதிலும், திறந்தே வைத்துப் பரிமாறியதிலும் சோறு ஆறிவிட்டிருந்தது. மாஸ்டர் எல்லோரிடமும் பொதுவாக மன்னிப்புக் கேட்கப் போனார். உப்பு சார் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் களை வந்திருந்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "உக்காருப்பா. நீ சாப்பிட்டியா?" என்றார். அத்தனை வருடத்தில் பயணிகள் யாரும் அவரைக் கேட்காத கேள்வி அது. மாஸ்டர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

அவர் மனைவி தன் பக்கத்தில் இடம் விட்டாள். "இங்க வந்து உக்காருங்க" என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்து, "இவர் என் வீட்டுக்காரர்" என்று சொன்னாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆடிட்டர் அம்மாள் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "எனக்கு மூணாம் நாளே தெரியும். தினம் ரூமுக்கு வரும்போது மேல வெங்காய வாசனை. எல்லாருக்கும் ஒரு முட்டைன்னா உன் தட்டுல மட்டும் ரெண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் காது வரைக்கும் சிவந்தார். மனைவி அவருக்கு ஒரு மூடியில் சோறு போட்டுக் கொடுத்தாள். ஆறிய சோற்றைத் தானே சாப்பிட்டுப் பார்த்தவர், இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தார். உப்பு சார் அதைக் கேட்டும் கேட்காததுபோல இருந்துவிட்டார்.

மாலையில் காற்று தணிந்து கூண்டுகள் ஓட ஆரம்பித்தன. மாஸ்டரைச் சரக்கு ரயிலில் அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. மேனேஜர் அவரையும் அவர் மனைவியையும் ஒரே கூண்டில் ஏற்றி, வேறு யாரையும் ஏற்றாமல் கதவைச் சாத்தினார். கீழே போகப் போக வெள்ளை குறைந்து, பாறை வந்து, பாறைக்குக் கீழே முதல் பச்சை தெரிந்தது. மாஸ்டர் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாலு பக்கமும் கண்ணாடி.

ஊருக்குத் திரும்பியபின் மேனேஜர் நிறுவனத்தில் யாரிடம் என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த சீசனிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நாள் மாஸ்டருக்கு அடுப்பு கிடையாது என்றானது. அன்றைக்குக் குழு வெளியே சாப்பிட்டுக்கொள்ளும், மாஸ்டர் பஸ்ஸில் வருவார். அது என்ன நாள் என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். கிளம்பும் முன் ஹாலில் நடக்கும் கூட்டத்திலும் மேனேஜர் இதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்: ஒரு நாள் உங்களோடு நம்ம மாஸ்டரும் ஊர் பார்ப்பார், அன்றைக்கு யாரும் அவரிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது.

அந்த சீசனில் ஒரு நாள், கடையில் மாஸ்டரின் மனைவி ஒரு பெரிய வீட்டுக்கான திரைச்சீலையை மேசை முழுக்க விரித்து மடிப்புக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். துணி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். போன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை. ஒரே இரைச்சல். என்னங்க, என்னங்க என்றாள். அரிசி மூட்டைகளை வானத்திலிருந்து கொட்டிக்கொண்டே இருப்பதுபோன்ற கனத்த இரைச்சல், அதற்குள் அவர் மூச்சு வாங்குவது மட்டும் லேசாகக் கேட்டது. அருவி. எவ்வளவு பெரிய அருவி என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"இங்க... இங்க வந்து..." என்று மாஸ்டர் ஆரம்பித்துத் திணறினார்.

"பேசாதீங்க. போனை அப்படியே அந்தப் பக்கம் நீட்டிப் பிடிங்க" என்றாள்.

காத்திருந்தவர்களைக் கையால் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.